காதில் சொல்ல வேண்டிய பேர்

பிள்ளை பிறந்த சேதி வந்தபோது சுருளி நாற்பத்தெட்டு அடி ஆழத்தில் நின்று கல் அள்ளிக்கொண்டிருந்தான். மேலே சகடைக் கயிற்றைப் பிடித்திருந்த கண்ணுச்சாமி கிணற்று விளிம்பில் குனிந்து சொன்னார்.

"ஏப்பா சுருளி, ஆம்பளப் புள்ளயாம். நேத்துப் பெறந்திருக்கு. டீக்கடைக்கு ஆள் வந்து சொல்லிட்டுப் போகுது."

கிணற்றுக்குள் எந்தச் சத்தமும் ஒரு தடவையோடு நிற்பதில்லை. 'புள்ளயாம்' என்ற சொல் பாறைச் சுவரில் முட்டி மறுபடியும் அவன் தலையில் விழுந்தது. சுருளி அண்ணாந்து பார்த்தான். வட்டமாக வெள்ளை வெயில், நடுவில் கண்ணுச்சாமியின் தலை.

"சரிண்ணே" என்றான். குனிந்து இரும்புக் கூடையை நிரப்பினான். நிரம்பியதும் கயிற்றை இரண்டு தடவை ஆட்டினான். கூடை மேலே போயிற்று. அதற்குப் பிறகும் பதினோரு கூடை அள்ளிவிட்டுத்தான் ஏறி வந்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். அதற்கு முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப் போயிருந்தன. கொட்டாம்பட்டிச் சுற்று வட்டாரத்தில் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. தென்னை வைத்திருந்தவர்கள் எல்லாம் கிணற்றை இன்னும் பத்தடி இறக்கினால் ஊற்று கண் திறக்காதா என்று ஆள் தேடினார்கள். செக்கானூரணிக்கு மேற்கேயிருந்து கிளம்பி வந்த சுருளியின் செட்டுக்கு அந்த வருஷம் ஓய்வே இல்லை. ஆறு பேர். தோட்டத்து மோட்டார் ரூமில் படுக்கை. காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும். பகலெல்லாம் உளியும் சம்மட்டியும் வைத்துப் பாறையில் குழி போட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் குழிகளில் வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து, பற்றவைத்துவிட்டு மேலே ஓடி வர வேண்டும். மறுநாள் முழுக்க உடைந்த கல்லை அள்ள வேண்டும். இதுதான் வேலை.

ஆறு பேர் இருந்த செட்டில் மார்கழி வரைக்கும் ஏழு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆள் காசிமாயன். சுருளியின் பெண்சாதி பாண்டியம்மாளுக்கு ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில், வெடிக்காமல் கிடந்த ஒரு குழியில் கடப்பாரையைப் போட்டுச் செத்துப் போனான். மேஸ்திரி சுருளி இறங்கச் சொல்வதற்கு முன்பே அவசரப்பட்டு இறங்கிவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதினார்கள். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. அவசரக்காரப் பயல், அவனுக்கு அவனே எமன்.

அன்றிலிருந்து சுருளி திரியைத் தொடுவதில்லை. பற்றவைப்பதும், எத்தனை வெடித்தது என்று எண்ணுவதும் கண்ணுச்சாமியின் பொறுப்பாயிற்று. மச்சினன் போன துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சுருளி பஸ் ஏறினான். மதுரையில் இறங்கி, ஒரு கிரைப் வாட்டர் பாட்டிலும் அரைக்கிலோ பேரீச்சையும் வாங்கிக்கொண்டு, மேற்கே போகிற பஸ்ஸுக்கு மாறினான். மாமனார் ஊரில் இறங்கும்போது உச்சி வெயில். ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் வேலியோரத்துக் கருவேல மரங்களைத் தவிரப் பச்சையே இல்லை.

மாமனார் அழகுமலை வாசலில் நின்று ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். பெண்சாதி செத்துப் பதினைந்து வருஷம். மகளையும் மகனையும் தன் அக்கா முத்துத்தாயின் துணையோடு வளர்த்தவர். மகன் போன பிறகு முதுகில் ஒரு வளைவு விழுந்திருந்தது. மருமகனைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாங்க மாப்ள. உள்ள போங்க. புள்ள முழிச்சுத்தான் இருக்கான்."

உள்ளே இருட்டாக இருந்தது. வேப்பிலைப் புகையும் பிரசவக் காய மருந்தின் மணமும். பாண்டியம்மாள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பழைய சேலைத் துணியில் சுற்றிய பிள்ளையை எடுத்து அவனுடைய இரண்டு கையிலும் வைத்தாள். கனமே இல்லை. ஒரு கூடைக் கல்லைத் தூக்கிப் பழகிய கைக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"நெத்தியப் பாருங்க" என்றாள் பாண்டியம்மாள். "யாரு மாதிரி இருக்கு?"

அவன் பார்த்தான்.

"அப்படியே எந்தம்பி. பெறந்தவுடனே அத்தகூட அதத்தான் சொன்னாக. பேரு முடிவு பண்ணிட்டேன். காசிமாயன்."

சுருளி பிள்ளையை அவள் மடியில் திருப்பி வைத்தான். வைத்த வேகத்தில் பிள்ளை சிணுங்கியது.

"இந்தக் காலத்துல யாரு இப்படிப் பேரு வைக்கிறா? அது ஒன் தாத்தன் காலத்துப் பேரு. ரமேசு, செந்தில்குமாருன்னு வைக்கிறாக. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல காசிமாயன்னு கூப்புட்டா மத்த புள்ளைக சிரிக்காதா?"

"எந்தம்பியப் பாத்து யாரு சிரிச்சா?"

"அது வேற."

"என்ன வேற? எங்க தாத்தா பேரு அது. பெறகு எந்தம்பி பேரு. எங்க கொலசாமி பேரும் அதுக்குள்ளதான் இருக்கு. இப்ப எம்புள்ளைக்கு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

அடுப்படியில் இருந்த முத்துத்தாய் அங்கிருந்தே சொன்னாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன்யா. அல்பாயுசுல போனவன் பேரு எதுக்குடின்னேன். அவசரத்துல போனவன் பேரு, புள்ளைக்கு அந்தப் புத்தி வந்துரும்ங்கிறாக ஊர்ல."

"அதுக்குத்தான் வைக்கிறேன் அத்த" என்றாள் பாண்டியம்மாள். குரல் ஏறவில்லை. "எந்தம்பி அவசரக்காரனா? கஞ்சி சுட்டா ஆறுற மட்டுக்கும் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். ரோட்டத் தாண்டணும்னா ரெண்டு பக்கமும் நாலு தடவ பாப்பான். எம்புட்டுக் கேலி பண்ணியிருக்கேன் நானு. அவனப் போயி அவசரக்காரன்னு எழுதி வச்சிருக்காக. இந்தப் பேர நான் நாளைக்குப் பத்துத் தடவ தெருவுல நின்னு கூப்புடுவேன். கேக்குறவுக கேக்கட்டும்."

வாசலில் குழை கட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. அழகுமலை நிலைப்படியில் வந்து நின்றார். "அது ஆசப்படுது மாப்ள. எனக்கும் ஆசதான். வாய் நெறைய அந்தப் பேரக் கூப்புட்டு மூணு மாசமாச்சு" என்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

முப்பதாம் நாள் பேர் வைப்பது என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன்தான் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். தாய்மாமன் இல்லை.

"நீங்களே சொல்லிருங்க மாப்ள" என்றார் அழகுமலை, அவன் கிளம்பும்போது. "அவன வச்சு வேல பழக்குனது நீங்க. கடைசியில அவனத் தூக்கியாந்ததும் நீங்க. ஒங்க வாயால சொன்னா அவன் சொன்ன மாதிரி."

சுருளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தான். 'கா' வந்தது. அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை.

கொட்டாம்பட்டியில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு அடியில் பாறை நிறம் மாறிக் கருநீலமாக வந்தது. உளி ஒரு விரற்கடை இறங்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மத்தியானம் எல்லோரும் புளிய மர நிழலில் சாப்பிட்டு முடித்துப் படுத்திருந்தார்கள். கண்ணுச்சாமி மட்டும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு சுருளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயில் வெற்றிலை.

"பேரு காசிமாயனாமே" என்றார்.

"யாரு சொன்னா?"

"பஸ்ஸுல ஒங்க மாமனார் ஊர்க்காரரு ஒருத்தரப் பாத்தேன்."

சுருளி ஒரு குச்சியால் தரையைக் கீறினான்.

"எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக சுருளி. செட்டு நின்னா அதுகளுக்குக் கஞ்சி இல்ல. அதனால நீ ஸ்டேஷன்ல சொன்னதத்தான் நானும் சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு. அந்தப் பேர நீ எப்படிக் கூப்புடப் போற? புள்ள நடக்கப் பழகும், தெருவுல ஓடும், கிணத்தோரமாப் போகும். கூப்புட்டுத்தான ஆகணும்."

"வைக்க விட மாட்டேன்."

"பாண்டியம்மாவச் சின்னப் புள்ளயில இருந்து எனக்குத் தெரியும்யா. அது சொன்னா சொன்னதுதான்."

எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சுருளி உட்கார்ந்தே இருந்தான்.

மார்கழி மாதத்து அந்தச் சாயங்காலம் நடந்தது சுருளிக்கும் கண்ணுச்சாமிக்கும் மட்டும் தெரியும். மற்ற நாலு பேர் அன்றைக்குச் சீக்கிரம் குளிக்கப் போயிருந்தார்கள். ஐந்து குழி. ஐந்து திரியையும் சுருளிதான் பற்றவைத்தான். ஏறி வந்து அவனும் கண்ணுச்சாமியும் காசிமாயனும் மண்மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். ஒன்று வெடித்தது. இரண்டு. மூன்றாவது பெரிய சத்தம், மண்ணே அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு புகை மட்டும்.

"மச்சான், நாலுதான கேட்டுச்சு" என்றான் காசிமாயன்.

"மூணாவது ரெண்டு சேந்தாப்புல போச்சுடா. சத்தத்தக் கேட்டேல்ல."

"எனக்கு என்னமோ நாலுன்னுதான் படுது. காலையில எறங்குவமே மச்சான்."

ஒரு வெடி குறைந்தாலும் மறுநாள் காலை வரை யாரும் இறங்கக் கூடாது என்பது கிணற்று வேலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். சுருளிக்கும் தெரியும். ஆனால் தோட்டக்காரர் தூரத்து வரப்பில் நின்று தண்ணீர் கசிகிறதா பார்க்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். சுருளி சிரித்தான். "பயமா இருந்தா சொல்லுடா மாப்ள. நீ இங்கன உக்காரு, நா எறங்குறேன்" என்றான்.

காசிமாயன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்தான்.

உடலை மேலே கொண்டுவந்தபோது தோட்டக்காரர்தான் முதலில் கேட்டார், எப்படி ஆயிற்று என்று. "நா சொல்றதுக்கு முந்தி எறங்கிட்டான்" என்றது சுருளியின் வாய். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. ஸ்டேஷனில் சொன்னான். ஊருக்குக் கொண்டுபோய் இறக்கியபோது மாமனாரிடம் சொன்னான். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாகத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பாண்டியம்மாளிடமும் அதையேதான் சொன்னான்.

இருபத்திரண்டாம் நாள் சுருளி மறுபடியும் மாமனார் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் யோசித்து ஒரு காரியம் தயார் செய்திருந்தான்.

"ஆரப்பாளையத்துல ஒரு ஜோசியரப் பாத்தேன் மாமா" என்றான், தண்ணீர் குடித்து முடித்த கையோடு. "பெரிய கை. புள்ளைக்கு 'கா'ன்னு ஆரம்பிக்கிற பேரு ஆகவே ஆகாதுன்னுட்டாரு. வச்சா மூணு வயசுக்குள்ள கண்டமாம். 'ர' எழுத்துல வைக்கச் சொல்றாரு."

அழகுமலை கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். திரித்துக்கொண்டிருந்த நார் தானாகப் பிரிந்தது.

"புள்ளைக்கு ஆகாதுன்னா வேண்டாம் மாப்ள" என்றார். "ஒண்ணத்தான் குடுத்துட்டேன். பேருக்காக இன்னொண்ணயும் குடுக்க முடியுமா? ரமேசுன்னே வைங்க." எழுந்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, மேய்க்க ஒன்றுமில்லாத காட்டுப் பக்கம் நடந்தார்.

பாண்டியம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையைச் சரிசெய்து பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"ஜோசியர்ட்ட பெறந்த நேரம் என்னன்னு சொன்னீங்க?"

"சாயந்தரம் அஞ்சரன்னு சொன்னேன்."

"வெளக்கு வச்சு ரொம்ப நேரங் கழிச்சுத்தான் பெறந்தான். எட்டு மணி பஸ்ஸு அப்பத்தான் போச்சு. ஒங்களுக்கு யாரும் நேரத்தச் சொல்லிவிடவும் இல்ல. நீங்க கேக்கவும் இல்ல."

சுருளி சுவரைப் பார்த்தான்.

"நீங்க எந்த ஜோசியரையும் பாக்கல" என்றாள். கோபப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. "கலியாணங் கட்டி ரெண்டு வருசத்துல நீங்க ஒரு கோயில்லகூட நின்னு கும்புட்டதில்ல. இப்ப இம்புட்டுத் தூரம் பொய் சொல்றீங்க. ஒரு பேருக்காக. ஏன்?"

"புள்ளைக்கு நல்ல பேரு வைக்கணும்னு ஆச இருக்காதா?"

"அன்னைக்கு எத்தன வெடி கேட்டுச்சு?"

பிள்ளை அவள் தோளில் ஏப்பம் விட்டது. அடுப்படியில் முத்துத்தாய் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி வீடு முழுக்கப் பரவி, கண்ணை எரித்தது.

"அஞ்சு குழி போட்டது எனக்குத் தெரியும். அப்பாகிட்ட நீங்களே சொன்னீங்க. எத்தன கேட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் கேக்கல. நா கேக்குறேன்."

"அஞ்சும் வெடிச்சிருச்சுன்னு நெனச்சுத்தான் அவன் எறங்குனான்."

"அவன் நெனச்சத விடுங்க. ஒங்க காதுல எத்தன கேட்டுச்சு?"

"அஞ்சு" என்றான் சுருளி.

பாண்டியம்மாள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தூங்கிவிட்ட பிறகும் தட்டினாள். அவன் கிளம்பும்போது மட்டும் வாசல் வரை வந்து சொன்னாள்.

"பேரு அந்தப் பேருதான். அப்பாகிட்ட நா சொல்லிக்கிறேன். பேரு வைக்கிற அன்னைக்கு கண்ணுச்சாமி அண்ணனக் கண்டிப்பாக் கூட்டியாங்க. தம்பியோட கடைசி வரைக்கும் கூட இருந்தவரு. நாங் கேட்டதாச் சொல்லுங்க."

அந்த எட்டு நாளும் சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கிணற்றுக்குள் அவன் பிடித்த உளி இடம் தவறித் தவறிப் போக, சம்மட்டி அடிப்பவன் பயந்துபோய் ஆளை மாற்றச் சொன்னான். கண்ணுச்சாமியைக் கூப்பிடாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தான். விட்டால் அதுவே பதிலாகிவிடும். ஆறாம் நாள் சொன்னான். கண்ணுச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாரேன்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே தகித்தது. வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். சொந்தபந்தம் முப்பது, நாற்பது பேர் இருக்கும். பஞ்ச வருஷம் என்றாலும் அழகுமலை தன் இரண்டு ஆடுகளில் ஒன்றை அறுத்திருந்தார். பெரிய சட்டியில் கறிக்குழம்பு கொதித்தது. அரிசிச் சோற்றைப் பார்த்துப் பல நாளான பிள்ளைகள் அடுப்பைச் சுற்றியே நின்றன. நடுவீட்டு உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது.

கண்ணுச்சாமி வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு மரக் கிலுகிலுப்பையோடு வந்தார். பாண்டியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். சுருளி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நாலடி தள்ளி நின்றான்.

"அண்ணே, ஒரு சேதி கேக்கணும். அன்னைக்கு எத்தன வெடி கேட்டுச்சு?"

கண்ணுச்சாமி செம்பைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண் சுருளியின் முகத்தில் பட்டு, உடனே விலகியது.

"அஞ்சு தாயி" என்றார். "மூணாவது ரெண்டு சேந்து போச்சு. அப்படித்தான் கேட்டுச்சு. நேரம் தாயி. யாரச் சொல்ல?"

பாண்டியம்மாள் தலையை ஆட்டினாள். அவள் தோள் இரண்டும் இறங்கின. இத்தனை நாளாக எதையோ தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் போலவும், இப்போது கை ஓய்ந்துவிட்டது போலவும் இருந்தது. "அப்ப நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டது சுருளியின் காதில் விழுந்தது.

தப்பித்தாயிற்று. இனி யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே பந்தியில் முதல் வரிசைக்கு இலை போட்டுவிட்டார்கள். யாரோ உப்பு கேட்டார்கள்.

"நேரமாச்சு மாப்ள, உக்காருங்க" என்றார் அழகுமலை.

கிழக்கே பார்த்துப் பாய் விரித்திருந்தது. சுருளி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாண்டியம்மாள் குளிப்பாட்டி மை வைத்த பிள்ளையை அவன் மடியில் படுக்கவைத்தாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, குனிந்து அவன் காதோரமாகச் சொன்னாள்: "சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்கிறாதீங்க."

அழகுமலை பிள்ளையின் தலைப்பக்கம் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கேட்பதற்காக முகத்தைச் சாய்த்துக்கொண்டார். "சொல்லுங்க மாப்ள."

சுருளி குனிந்தான். பிள்ளையின் காது ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. பால் வாடை அடித்தது. பிள்ளை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது, எதையும் பார்க்காத அந்தப் பார்வையால். அவன் வாயைத் திறந்தான். மூச்சு மட்டும் வந்தது. பிள்ளை அந்த மூச்சு பட்டு முகத்தைச் சுளித்தது.

"சொல்லுங்க" என்றார் அழகுமலை மறுபடியும், தணிந்த குரலில். மருமகனுக்குத் துக்கம் முட்டுகிறது என்று நினைத்து முதுகைத் தடவினார்.

அந்தக் கை பட்டதும் சுருளி நிமிர்ந்துவிட்டான்.

"மாமா, நாலுதான் வெடிச்சுச்சு."

அழகுமலைக்குப் புரியவில்லை. "என்ன மாப்ள?"

"அஞ்சு திரி வச்சேன். நாலுதான் கேட்டுச்சு. அவன் சொன்னான், நாலுதான் மச்சான், காலையில எறங்குவம்னு. நாந்தான் எறங்கச் சொன்னேன். பயமா இருந்தா நா எறங்குறேன்னு கேலி பண்ணுனேன். அதுக்குத்தான் எறங்குனான். அவன் அவசரப்படல. நாந்தான்."

முத்துத்தாயின் கையிலிருந்த விளக்கெண்ணெய்க் கிண்ணம் சாய்ந்து எண்ணெய் தரையில் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. கண்ணுச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

அழகுமலை அடிப்பார் என்று சுருளி நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"புள்ளையக் குடுங்க" என்றார் அவர்.

இரண்டு கையாலும் வாங்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தார். வளைந்த முதுகோடு நின்று வாசல் பக்கம் பார்த்தார்.

"எங்கிட்டச் சொன்னது போதாது. பந்தியில உக்காந்திருக்காக பாருங்க, எம்மகன அவசரக்காரன்னு சொன்ன வாயி பூராவும் அங்கதான் இருக்கு. அவுகட்டப் போயிச் சொல்லுங்க. உள்ள சொன்ன மாதிரியே."

சுருளி எழுந்து பந்தலுக்குப் போனான். வெயில் கீற்றுகளின் இடைவெளியில் இலைகள் மேல் விழுந்திருந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்து ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். சொன்னான். உள்ளே சொன்னதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் ஒரு பெரியவர், "என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். சோற்றைப் பிசைந்த கைகள் அப்படியே நின்றன. கண்ணுச்சாமி பின்னாலேயே வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாந்தான் கூட இருந்தேன். அவன் சொல்றது நெசம். நா ஸ்டேஷன்லயும் பொய் சொன்னேன், இப்பச் சித்த முன்ன அந்தப் புள்ளகிட்டயும் பொய் சொன்னேன்."

பந்தியிலிருந்து முதலில் எழுந்தவர், அழகுமலையின் மகனை 'அவனுக்கு அவனே எமன்' என்று ஊரில் சொன்னவர்தான். இலையை மூடிவிட்டு எழுந்தார். அழகுமலை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"யாரும் எந்திரிக்க வேணாம். எம்பேரன் சோறு. உக்காந்து சாப்புடுங்க."

எழுந்தவர் உட்கார்ந்தார். பிறகு உள்ளே அழகுமலையே பிள்ளையின் காதில் பேரைச் சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டியதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. மூன்று தடவையும் பந்தல் வரைக்கும் கேட்டது.

சுருளி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். தோளில் துண்டு இல்லை, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பாண்டியம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை, ஊற்று கிடைக்காமல் விட்டுப்போன கிணறு மாதிரி வறண்டு கிடந்தது.

"போயிட்டு வாரேன்" என்றான்.

அந்த ஊரில் விரோதியாக இருந்தாலும் வாசலில் நின்று அப்படிச் சொன்னால், 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். 'வாங்க' என்ற சொல் இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

"போங்க" என்றாள் பாண்டியம்மாள்.

அவன் நின்றான். அடுத்த சொல் வரும் என்று நின்றான். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள், யாரோ ஊற்றினார்கள். பிள்ளை பசித்து அழத் தொடங்கியது. அவள் அதைத் தோளில் சாய்த்து, பேரைச் சொல்லித் தேற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.